நாற்பது நாள் சேசுநாதர்

டி.வி. நாடகத்தில் தனிஸ்லாஸ் நல்ல அப்பாவாக வரும்போதெல்லாம் எங்கள் ஊரே மூக்கைச் சிந்தும். நான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன். எரிச்சல்தான், வேறென்ன? டி.வி.யில் மகள் கல்யாணத்துக்குக் கண்கலங்கிய ஆசாமி, பெற்ற மகள் கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மெட்ராஸில் இன்னொரு குடும்பம், படப்பிடிப்பில் கைகலப்பு என்று பத்திரிகைகள் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டன. எண்பத்தெட்டில் ஈரல் கெட்டுச் செத்தான்.

மெட்ராஸ் போகும்முன் அவன் எங்கள் பங்குக் கோயிலில் சேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தின் சேசுநாதர். மில் வேலை, வேலை விட்டால் சாராயக்கடை, வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி இன்பமேரிக்கு அடி. ஆனால் சேசுநாதர் வேஷம் கட்டுகிறவர் விபூதிப் புதன் முதல் பெரிய வெள்ளிவரை, தவக்காலம் நாற்பது நாளும் கறியும் சாராயமும் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குடிகாரனுக்கா இந்த வேஷம் என்று பெரியவர்கள் முறைத்தார்கள். நாடக வாத்தியாரான நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன். குரல் அப்படி! சிலுவையில் தொங்கிக்கொண்டு அவன் தண்ணீர் கேட்டால் சாராயக்கடைக்காரரே அழுதுவிடுவார். பதினோரு வருஷம், ஒரு தவக்காலத்தில்கூட அவன் தவறவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷத் தவக்காலத்தில் அவனை அரியூர் சாராயக்கடையில் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். நான் அவனை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஒத்திகையில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, சேசுநாதர் அங்கியைக் கழற்றச் சொல்லி, சீடன் வேஷம் கட்டிய செபாஸ்டினிடம் கொடுத்தேன். தனிஸ்லாஸ் தன் பக்கக் காரணம் எதையும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டான்.

அவன் செத்த முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் இரங்கல் கூட்டம் என்றார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். புகழ்ந்தால் இன்பமேரிக்குப் பொறுக்குமா என்று பயந்து, முதல்நாளே அவள் வீட்டுக்குப் போனேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இன்னாம்மா பேசறது? நீயே சொல்லு."

"அடிச்சாரு. வுட்டுட்டுப் போனாரு. அது ஊருக்கே தெரியும், சூசை அண்ணே. தெரியாத ஒண்ணைச் சொல்லுங்க. அன்னிக்கு அவரு குடிக்கப் போகல. எங்க அண்ணன் ஆரோக்கியம்தான் குடிச்சிட்டு அந்தக் கடையில வுழுந்து கெடந்துது. நான்தான் இவரைப் போய்த் தூக்கியாரச் சொன்னேன்."

ஆரோக்கியம் எங்கள் கோயில் உபதேசியார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்.

"ஏம்மா அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் கெளம்பினேன். வேணாண்டி, ஒங்க அண்ணன் வேலை பூடும்னு கையைப் புடிச்சிக்கினாரு. அப்புறம் போய்க் குடிச்சிட்டு வந்து, என்னையே அடிச்சாரு. இப்ப அண்ணனும் போய்ச் சேந்துடுச்சு. இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது?"



மறுநாள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதை அப்படியே சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். செபாஸ்டின் தலை குனிந்துகொண்டான்.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் பக்கமிருந்து இன்பமேரி எழுந்து வந்தாள். என்னை மன்னிச்சிடும்மா என்றேன்.

"அவருக்குச் சேர வேண்டியதை மைக்ல சொல்லிட்டீங்க, அவருக்கு அது போதும்ண்ணே" என்றாள். "வருசத்துல நாப்பது நாள் என் வூட்ல நல்ல மனுசன் ஒருத்தர் இருந்தாரு. சிரிச்சுப் பேசுவாரு, பொண்ணுக்குத் தலை வாரி வுடுவாரு. அங்கியோட சேத்து அவரையும் இல்ல கழட்டி வாங்கிட்டீங்க!"