என் குரலில் வந்த சலுகை

இலுப்பூரில் உட்கார்ந்துகொண்டு, நெல் அறுக்கும் மெஷினை ஃபோனிலேயே முன்பதிவு செய்ய ஒரு செயலி தொடங்கினேன். நாற்பத்தாறு வயதில் ஸ்டார்ட்அப் என்று சொல்லிக்கொண்டால் முன்மண்டையில் நாலு முடி முளைக்கும் என்று நினைப்பு. புது நிறுவனங்களுக்கு ஓராண்டு இலவசம் என்று எதைப் பார்த்தாலும் பதிந்துவிடுவேன். பந்தியில் இலை போட்டால் பசியில்லாவிட்டாலும் உட்காருகிற ஆள். இலவச வக்கீல் ஆலோசனை கடைசிவரை வரவில்லை. கணக்குகளைப் போட்டுவைக்க இணையத்தில் கிடைத்த இலவசச் சேமிப்பிடம் மூன்றாம் மாதம் காணாமல் போனது. சொன்னதைச் சொன்னபடி செய்தது ஒரே ஒரு தொலைபேசிச் சேவைக் கம்பெனிதான். நான் எடுக்க முடியாத அழைப்புகளை ஒரு கணினி என் குரலிலேயே எடுத்துப் பேசுமாம். அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பக்கம் வாசித்து, குரலைப் பதிவுசெய்து அனுப்பினேன்.

பொன்னமராவதியில் நான்கு மெஷின் வைத்திருந்த ஒருவர் சேர்ந்தால்தான் அந்த அறுவடைக்குத் தொழில் தொடங்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சொல்கிறேன் என்றிருந்தார். மணி ஒன்றாகியும் ஃபோன் அடிக்கவில்லை. கோளாறோ என்று மனைவியின் ஃபோனிலிருந்து என் எண்ணுக்கே போட்டேன். என் கையிலிருந்த ஃபோன் அசையவில்லை. அது அடிக்கும் முன்பே மறுமுனையில் நான் எடுத்தேன்.

“வணக்கம்ங்க, சொல்லுங்க.” என் கனைப்புகூட இருந்தது.

“யாருங்க பேசுறது?” எனக்குக் குரல் நடுங்கியது. அதற்கு நடுங்கவில்லை.

“நாந்தாங்க பேசுறேன். நீங்க யாரு?”

என் பெயர் வாயில் வரவில்லை. “சார் ஃப்ரீயா இருக்கப்ப கூப்புடுறேங்க” என்று வைத்துவிட்டேன்.

“யாருகிட்ட இம்புட்டு மரியாத?” என்றாள் மனைவி.

“தெரிஞ்சவருதான்” என்று சொல்லிவிட்டுப் பொன்னமராவதிக்குப் பஸ் ஏறினேன்.

மெஷின்காரர் வாசலிலேயே திகைத்தார். “வாங்க தம்பி. இப்பத்தான பேசி வச்சீங்க. பஸ்ஸுக்குள்ள இருந்தா பேசுனீங்க? ஒரு சத்தமும் கேக்கலயே!”

“என்ன பேசுனேண்ணே?”

“ஒரு வருசத்துக்குக் கமிஷன் வேணாம்னீங்க. டிரைவர் லீவு போட்டா மாத்து ஆளு அனுப்புவேன்னீங்க.” மழையை நிறுத்தித் தருவேன் என்றும் சொல்லியிருப்பேனோ என்று எனக்கு வியர்த்தது.

“அது நா இல்லண்ணே. கம்ப்யூட்டரு.”

அவர் என் உதடுகளையே பார்த்தார். “கனைப்புகூட ஒங்க கனைப்புத்தான். இதுல எது நெசம் தம்பி?”

ஃபோனில் பேசியதுதான் நிஜம் என்றால் நான்கு மெஷினும் எனக்கு. பிறகு அந்தக் குரல் கொடுத்த வாக்கையெல்லாம் நான்தான் காப்பாற்ற வேண்டும். எனக்குச் சேமிப்பிடம் கொடுத்துக் காணாமல் போனவனும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பான்.

“கமிஷன் உண்டுண்ணே. மாத்து டிரைவரும் எங்கிட்ட இல்ல.”

“ஃபோன்ல பேசுனவரு ஒங்களவிட நல்ல மனுசன். அவருக்குன்னா நாலும் குடுப்பேன். ஒங்களுக்கு ஒண்ணு தாரேன், ஓட்டிப் பாப்பம்.”

கையெழுத்துப் போட்டபின், கைகொடுக்கும் சாக்கில் என் மணிக்கட்டை அழுத்தி நாடி பார்த்தார். துடிக்கிறதா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.