ஏழாவது வெள்ளை மணி

தேசம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வகுப்பே திரும்பிப் பார்த்ததில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து அம்மாவோடு விறகு வெட்டப் போய்விட்டாள். வாய்தான் வராதே தவிர, கண் எதையும் விடாது. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் அவர்களுடைய இருளர் குடியிருப்புக்கு 2006இல் ப்ரியா டீச்சர் பாசிமணி கோக்கச் சொல்லித்தர வந்தபோது, ஒரு சந்தேகமும் கேட்காமல், விரல்களைப் பார்த்தே நாலு நாளில் கற்றுக்கொண்டாள்.

"உங்க ஜனத்தோட அடையாளம் ஏதாவது வெச்சு, ஆளுக்கொரு மாலை செய்யுங்கக்கா" என்றாள் ப்ரியா.

மற்றவர்கள் பாம்பும் தேன்கூடும் செய்தார்கள். தேசம்மா சிவப்பு மணிகளுக்கு நடுவே ஏழு வெள்ளை மணிகளை வரிசையாகக் கோத்துவிட்டாள். ஏழு கன்னிமார். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் மணலைக் குவித்து அவர்கள் கும்பிடும் சாமி. யோசித்துச் செய்யவில்லை, கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது.

தாம்பரத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சாஹிராவிடம் ப்ரியா மாலைகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவளுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. அதைக் கடைக் கண்ணாடிக்குள் இருந்த பொம்மையின் கழுத்தில் மாட்டிவைத்து, அதேபோல் இன்னும் இருபது கேட்டாள்.

தேசம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. கன்னிமார் யார் கழுத்தில் போய் உட்காருவார்கள்? எந்தக் குளியலறை ஆணியில் தொங்குவார்கள்?

நாத்தனார் குப்பு சிரித்தாள். "மணல்ல கட்ற சாமிய அலை வந்து வாரிக்கினு போவுது. அதுக்கே கோச்சிக்காதவ, இதுக்கா கோச்சிக்கப் போறா? பேஜார் பண்ணாதடி."

"அலை இட்டுக்கினு போனா அது அவ வூடு. இது எவ வூடோ?" என்று முணுமுணுத்தாள் தேசம்மா.

இருந்தாலும் இருபதையும் முடித்துக் கொடுத்தாள். ப்ரியா ஒரு மாலையை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். அடுத்ததையும் எண்ணினாள்.

"என்னக்கா, எல்லாத்துலயும் வெள்ளை ஆறுதான் இருக்கு?"

தேசம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏழா இருந்தா சாமி டீச்சர். ஆறா இருந்தா மணி." மேல்மூச்சு வாங்கியது. "கடையில கீதே, அது ஏழு. அத யாரும் வாங்கிடக் கூடாது டீச்சர்."

ப்ரியாவுக்குக் கோபம் வரவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? கெளம்புங்க, அடுத்த ட்ரெயினைப் பிடிச்சிடலாம்."

கடை வாசலில் நின்று கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள் தேசம்மா. பொம்மையின் கழுத்து காலியாக இருந்தது. கால் அதற்கு மேல் நகரவில்லை. ப்ரியாதான் உள்ளே போய்க் கேட்டாள்.

"அந்த ஏழு மணி மாலையா? நேத்து ஒரு பொண்ணு கேட்டுச்சு. மாதிரிக்கு வெச்சிருக்கிறத எப்படிக் குடுக்கிறது? அதான் எடுத்து உள்ள வெச்சுட்டேன்" என்றபடி மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள் சாஹிரா.

தேசம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ப்ரியா விஷயத்தைச் சொன்னதும் சாஹிரா தலையாட்டினாள். "இதுல என்ன இருக்கு? அல்லாஹ் பேரு எழுதின டாலர் போட்டிருந்தா, பாத்ரூம் போறப்ப நாங்களும் கழட்டி வெச்சுட்டுத்தான் போவோம். எனக்குத் தெரியாதா? ஆறே இருக்கட்டும், அதுவும் அழகாத்தான் இருக்கும்." கத்தரிக்கோலை எடுத்து தேசம்மாவின் கையில் கொடுத்தாள். "நீயே எடுத்துடும்மா."

நூலை வெட்டினாள் தேசம்மா. ஒரு தட்டில் மணிகளைக் கொட்டி, அங்கேயே மறுபடி கோத்து முடிச்சிட்டாள். ஆறு.

தட்டில் மிஞ்சிய வெள்ளை மணியைத் தொடாமல் விரலால் காட்டினாள் சாஹிரா. "இத என்ன பண்ணணும்? பூஜைக்கா?"

"தனியா கீறது வெறும் மணிதான். கம்மல்ல வெச்சிக்குங்க."

"எனக்கு ரெண்டு காதும்மா!"

தேசம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.