அண்ணன் கணக்கில் ஏறிய கட்டுரைகள்

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் கறையான் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர். அவள் ஆராய்ச்சி செய்வது கறையானைப் பற்றி. அது போக, பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். பட்டப்பெயருக்காக அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "நல்லவேளை அண்ணி, கரப்பான்பூச்சிப் பிரிவுல இடம் கிடைக்கல" என்பாள்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம்; அவள் ஊர்ப்பக்கம்தான். எங்கள் சொந்த ஊரிலிருந்து ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருக்கிறது அவளுடைய மரச் சோதனை நிலையம். வீடு கட்டுகிறவர்கள் மரத்துண்டுகளை அனுப்புவார்கள். கறையான் அதைத் தின்னுமா தின்னாதா என்று இவள் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகளில் ஈரமணல் நிரப்பிய கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் சில நூறு கறையான்கள். எந்நேரமும் வெக்கையாக இருக்கும். ஒருமுறை போய்விட்டு மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே வந்தேன். அவளோ குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கண்டுபிடித்ததும் சின்ன விஷயம்தான். புது மரத்தைக் கறையான் தொடவில்லை என்றால், மரம் நல்ல மரம் என்று முன்பெல்லாம் எழுதிவிடுவார்களாம். "கறையானுக்கே உடம்பு சரியில்லைன்னா? சாகப் போறது எப்படிச் சாப்பிடும்?" என்று இவள் கேட்டாள். ஒவ்வொரு ஜாடியிலும் பக்கத்திலேயே ஒரு மட்டமான மெதுமரத் துண்டையும் வைத்தாள். அதைத் தின்றுவிட்டு இதைத் தொடாமல் விட்டால்தான் மரம் பாஸ். இதைச் சுற்றியே வருடத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரை எழுதினாள். எழுதி முடித்ததும் மறந்துவிட்டு ஜாடிக்குப் போய்விடுவாள்.

வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். நீட்டுகிற வரைக்கும் வாடகை வீட்டில் புதிதாக ஒரு நாற்காலிகூட வாங்க மாட்டாள். "கல்யாணம் எப்ப?" என்று உறவுக்காரர்கள் கேட்டால், "முதல்ல எனக்கு வேலைய கட்டி வைங்க" என்பாள்.

போன வருடம் அந்த நிலையத்திலேயே நிரந்தர இடம் ஒன்று வந்தது. ஒரே இடம். நாற்பது வயதுக்குமேல் எடுக்க மாட்டார்கள், அவளுக்கு முப்பத்தொன்பது. விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணைக் கேட்டிருந்தார்கள்.

"அது என்னம்மா எண்ணு?" என்று ஃபோனில் கேட்டேன்.

"ரொம்ப சுலபம் அண்ணி. நம்ம கட்டுரைய இன்னொருத்தர் தன் கட்டுரையில எடுத்துக் காட்டினா ஒரு மேற்கோள். என்கிட்ட பத்துக் கட்டுரை இருந்து, அது ஒவ்வொண்ணையும் பத்துப் பேராவது காட்டியிருந்தா என் எண்ணு பத்து. ஒண்ண மட்டும் ஆயிரம் பேர் காட்டினா பிரயோசனமில்ல. வீட்டுல ஒரு பிள்ளை மட்டும் படிச்சாப் போதுமா, அது மாதிரி."

"உன் எண்ணு எவ்வளவு?"

"பாத்ததேயில்ல. இருங்க, இப்பவே பாக்கறேன்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அண்ணி, ரெண்டுன்னு காட்டுது."

"ரெண்டா?"

"ரெண்டே ரெண்டு கட்டுரைதான் என் பேர்ல இருக்கு. மிச்சம் எல்லாம்... மிச்சம் எல்லாம் அண்ணன் பேர்ல இருக்கு அண்ணி."

என் கணவர் மரத்தை மரத்தோடு ஒட்டும் பசைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அவருக்கும் கறையானுக்கும் காத தூரம். ஆனால் இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். பின்னால் வருவது அதே அப்பா பெயர். படித்ததும் ஒரே பல்கலைக்கழகம், எழுதுவதும் மரத்தைப் பற்றி. கட்டுரைகளை எண்ணுகிற இயந்திரம் அண்ணனையும் தங்கையையும் ஒரே ஆளாக்கிவிட்டிருந்தது.

அவர் அப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"மெஷின் பண்ற கூத்து. சரி பண்ணிடலாம்னு சொல்லு."

"இப்பவே பண்ணுங்களேன். அவளுக்கு நாள் இல்ல."

"பாக்கலாம்."

அந்தப் பாக்கலாம் ஒரு வாரம் இழுத்தது. காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய ஒப்பந்தமும் அப்போதுதான் புதுப்பிப்புக்குப் போயிருந்தது. அது நீண்டால்தான் நாங்கள் இந்த வெளிநாட்டில் தொடர்ந்து இருக்கலாம். மகளுடைய பள்ளிக்கூடம், இந்த வாடகை வீடு, நான் பகுதிநேரமாகப் பார்க்கிற மொழிபெயர்ப்பு வேலை எல்லாமே அந்த ஒரு தாளைப் பிடித்துத் தொங்குகிறவை. தபால்காரர் படியேறினால் நான் கதவுக்கு ஓடுவேன். இருந்தாலும் அவளுடைய கட்டுரைக்கும் எங்கள் தாளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அவளே அவருக்கு ஃபோன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்குக் கடைசி நாள். கட்டுரைப் பட்டியல்ல உன் பேர்ல இருக்கற பக்கத்துக்குப் போய் 'இது என்னுடையது அல்ல'ன்னு அழுத்தணும். அவ்வளவுதான். கறையான் உன் பசையையா தின்னுச்சு, இவ்வளவு யோசிக்கற?"

அவர் சிரிக்க முயன்றார். கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பதினேழு என்று இருந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எட்டில் வந்து நின்றது. அங்கே அவளுக்குப் பதினான்கு.

"ஏங்க, உங்க விண்ணப்பத்துல எவ்வளவு போட்டீங்க?"

"பதினேழு."

"அய்யோ!"

"அன்னைக்கு அது பதினேழுதானே இருந்துச்சு" என்றார். அந்தப் பதினேழு ஏற்கெனவே அவருடைய ஆபீசுக்குப் போய்விட்டிருந்தது.

அதைவிடப் பெரிய இடி நேர்காணலன்று விழுந்தது. நண்பகலில் அவளிடமிருந்து அழைப்பு. குரல் அவளுடையதாகவே இல்லை.

"அண்ணி, அண்ணன் இருக்காரா? நான் திருடின்னு நினைக்கறாங்க."

"என்னம்மா சொல்ற?"

"கடைசி நாளுக்கு முந்தின நாள்வரைக்கும் என் எண்ணு ரெண்டு. மறுநாள் பதினாலு. கட்டுரையெல்லாம் அண்ணன் பக்கத்துலேருந்து வந்திருக்கு. 'உங்க அண்ணன் பெரிய ஆராய்ச்சியாளர், தங்கச்சிக்குச் சீர் குடுத்துட்டாரா'ன்னு தலைவர் கேக்கறார். எல்லாரும் சிரிக்கறாங்க அண்ணி. நான் ஜாடி ஜாடியா... எனக்குப் பேச்சே வரல."

"கட்டுரையில உன் நிலையத்துப் பேர் இருக்குமே!"

"பாதிதான் இங்க வந்தப்புறம் எழுதினது. மீதி படிக்கறப்போ எழுதினது, அண்ணன் இருந்த அதே துறை. வெளியே நிக்க வெச்சிருக்காங்க. அண்ணனை வீடியோவில வரச் சொல்லுங்க. அவர் சொன்னாத்தான் நம்புவாங்களாம்."

அவர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். நான் கேமராவுக்குத் தெரியாத பக்கம், அடுப்பங்கரைத் திண்டில் சாய்ந்து நின்றேன். திரையில் நான்கு பேர் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் அவள். கைகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

"இந்தக் கட்டுரைகள் யாரோடது?" என்று தலைவர் கேட்டார்.

"என் தங்கையோடது. ஒண்ணுகூட என்னோடது இல்ல. நான் பசை வேலை பாக்கறவன். கறையானைப் பாத்தா எனக்கு அருவருப்பு."

மேசையில் ஒருவர் லேசாகச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

"இவ்வளவு நாளா உங்க பேர்ல இருந்திருக்கு. நீங்க கவனிக்கவே இல்லையா? இல்ல, இப்ப தங்கச்சிக்கு வேலை வரணும்னு சொல்றீங்களா?"

இல்லை, கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் பெருமூச்சுவிடத் தயாராக இருந்தேன். எனக்குத் தெரிந்த உண்மையும் அதுதான்.

அவர் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார்.

"கவனிச்சேன்" என்றார். "மூணு வருஷமா தெரியும். எண்ணு கூடுதலா இருந்தா எனக்கு நல்லதுன்னு விட்டுட்டேன். ரெண்டு தடவை ஒப்பந்தம் நீட்டினது அந்த எண்ணைக் காட்டித்தான். இதை எழுத்துல வேணும்னாலும் தர்றேன். என் ஆபீசுக்கும் இன்னைக்கே எழுதறேன்."

மூன்று வருடமாக ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டவள் நான். திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன். வேலை கைக்கு வந்துவிட்டது என்ற அறிகுறி அதில் எங்கும் இல்லை. வாய் சற்றுத் திறந்தபடி, அடித்த கையைப் பார்க்கிற குழந்தை மாதிரி அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருடி என்று சொன்னபோதுகூட அவளுக்கு அழுகை வந்ததே தவிர இப்படி ஆகவில்லை.

"நன்றி, போதும்" என்றார் தலைவர். திரை அணைந்தது.

அவர் சொன்னபடியே தன் அலுவலகத்துக்கு எழுதினார். ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு விசாரணையாம். அவளிடமிருந்து பத்து நாளைக்கு ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒரு காலையில் என் ஃபோனுக்கு அழைத்தாள்.

"வேலை கிடைச்சிருச்சு அண்ணி. நிரந்தரம்."

"அப்பாடா! ரொம்ப சந்தோஷம்மா."

"ம். ஒண்ணு கேக்கணும். உங்களுக்கும் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று பத்து நாளாக எனக்குப் பயம்.

"தெரியாது. அன்னைக்கு உன்னோட சேர்ந்துதான் நானும் கேட்டேன்."

"சத்தியமா?"

"உன்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

"அண்ணன்கிட்ட நான் இப்படிக் கேட்டதே இல்லையே அண்ணி. கேக்கணும்னு தோணினதே இல்ல." ஜாடி ஒன்றை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "அந்த மூணு வருஷத்துல ரெண்டு இடத்துக்கு எழுதிப் போட்டேன். அவங்களே அந்த எண்ணைப் பாத்திருப்பாங்க, கூப்பிடவே இல்ல. நம்ம வேலை அவ்வளவுதான்னு நினைச்சு விட்டுட்டேன். தெரியாம நடந்ததுன்னா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

நான் வாசலைப் பார்த்தேன்.

"இருக்காரா?" என்றாள்.

அவர் வாசலில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் ஃபோனை நீட்டியதும் யாரென்று கேட்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தார்.

"சொல்லும்மா" என்றார். கறையான் என்று கூப்பிடவில்லை.

கூப்பிடாமல் போன அந்த இரண்டு இடங்களிலிருந்து அவள் பேசத் தொடங்கினாள். சத்தமாகத்தான் பேசினாள், இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல், தரையைப் பார்த்தபடி, அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.