வெந்நீரில் துள்ளிய துண்டு

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் வெந்நீர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சை அறைகளிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வரும் குடல் துண்டை, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புநீரில் நூல் கட்டித் தொங்கவிடுவது அவர் வேலை. சற்று நேரம் செத்தது போலக் கிடக்கும். பிறகு யாரும் தொடாமலே சுருங்கும், விரியும். மூளை இல்லை, உடம்பு இல்லை. ஆனால் குடலுக்கென்று சொந்தமாக ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறதே, அது யார் பேச்சையும் கேட்காது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். இவரோ அதனோடு பேசுவார்.

"எழுந்துட்டீங்களா மாப்பிள்ளை? மெதுவா வாங்க, அவசரமே இல்ல."

பெட்டியில் பெயர் இருக்காது, எண்தான். யாருடையது என்று கேட்கக் கூடாது. அவருக்கும் அதுதான் வசதி.

அந்த வாரம் அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை. பல வருடக் குடல் அழற்சி, ரத்தமும் வலியுமாக அவளை உருக்கிவிட்டிருந்தது. புண்ணான பகுதியை மொத்தமாக எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அறுவை நாளன்று அவளுக்குத் துணையாக அவள் தங்கையை வைத்துவிட்டு இவர் வேலைக்கு வந்துவிட்டார். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அன்று வந்தது ஒரே பெட்டி. வெட்டிய ஓரத்துத் துண்டு, பார்வைக்குப் புண்ணே இல்லை. தூண்டும் மருந்தை விடுவதற்கு முன்பே துள்ளியது. அந்தத் தொழிலில் துள்ளும் துண்டு என்றால் கொண்டாட்டம். ஊரைக் கூட்டிக் காட்டினார், பாவி மனுஷன்.

மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத் தலைவியான பேராசிரியை அதே துண்டைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காட்டினார். நரம்பு முடிச்சுகளை அழற்சி அணுக்கள் ஈ மொய்ப்பது போல மொய்த்திருந்தன.

"இது துடிப்பு இல்ல, எரிச்சல். புண்ணில்லாத ஓரமே இப்படின்னா, நோயாளிக்கு உள்ள தைச்சு வச்ச பக்கமும் இப்படித்தான் இருக்கும். நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம்."

"யார் பெத்த பிள்ளையோ" என்றார் வெந்நீர்க்காரர்.

மாலையில் வார்டுக்குப் போனார். மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. எடுத்ததை உங்க ஆய்வுக்கூடத்துக்கே கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து போட்டேன். சொன்னா வேணாம்பீங்க. அன்னிக்கு வந்துச்சா?"

துள்ளிய அந்தத் துண்டுதான் அவர் கண்முன் வந்தது. அன்று வேறு பெட்டியே வரவில்லை.

"டாக்டர் சுத்தமா எடுத்தாச்சுன்னார். இனிமே வராதுல்ல?"

வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். முடியவில்லை. இருபது வருடம் வலியை மறைக்காமல் சொன்னவளிடம் பொய் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஓரத்துல நரம்பு சரியில்லம்மா. திரும்ப வரலாம். எங்க மேடம் உன் டாக்டர்கிட்ட பேசட்டும், மருந்தை இப்பவே ஆரம்பிச்சுடலாம்."

அவள் அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னை விட்டுப் போயிட்டோம்னு அந்தத் துண்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உனக்காகத்தான் வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு."

அதுவரை வயிற்றைக் காப்பது போல வைத்திருந்த கையை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.