இடது மாறினால் வலதும் மாறும்

ஷூ டிசைனர் என்றால் நாள் முழுக்க ஷூ வரைகிறவள் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் நான் செய்வது சொந்தபந்தங்களைச் சமாளிக்கிற வேலை. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி, கம்ப்யூட்டர் முன்னால் நான், திரையில் ஒரு பெரிய குடும்பம். கம்ப்யூட்டரை நம்பி ஒரு தடவையாவது மோசம்போன சக பாவிகளே, என் கதை உங்களுக்குப் புரியும்.

பதினொரு துண்டு

ஆரம்பத்தில் முன் துண்டு, பக்கத் துண்டு, நாக்கு, குதிகால் துண்டு என்று பதினொன்றையும் தனித்தனிக் கோப்பாக வரைந்து வைத்திருந்தேன். குதிகாலை மூன்று மில்லிமீட்டர் உயர்த்துங்கள் என்று ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சொன்னால் பதினொன்றையும் திறந்து திருத்த வேண்டும். பத்தைத் திருத்துவேன், ஒன்றை மறப்பேன். எதை மறந்தேன் என்பது கட்டிங் மாஸ்டர் சலீம் பாய் தோலை வெட்டிச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒருநாள் ஒரே ஒரு துண்டோடு வந்து அதை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"இன்னா மேடம், இது மட்டும் வேற ஷூவுக்கு தோஸ்த்தா?"

மாமியார் தோல்

அந்த அவமானத்தில்தான் அடிப்படை ஸ்கெட்ச் ஒன்று போட்டு, எல்லாத் துண்டுகளையும் அதனோடு இணைத்தேன். இனி அதை மட்டும் திருத்தினால் போதும், மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்ளும். அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தேன். அவர் ஓரடி நகர்ந்தால் வீடே நகரும். என்னுடைய சொந்த மாமியார் தங்கமானவர், இதைப் படிக்கவும் செய்வார்.

வீடியோ காலில் இத்தாலிக்காரப் பையர் திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, அது என்ன என்றார். எங்கள் மேனேஜர் தேவசகாயம் சார் கொஞ்சமும் அசராமல், அது எங்கள் ஊர்த் தோலில் ஒரு வகை என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் லைனில் வந்ததும் பையர் கேட்ட முதல் கேள்வி:

"அந்த மாமியார் தோலில் பிரவுன் கலர் கிடைக்குமா?"

ஸ்டெல்லா கேட்டது

தையல் செக்‌ஷன் ஸ்டெல்லாவுக்குப் பிறவியிலேயே இடது பாதம் குட்டை, ஆனால் முன்பக்கம் அகலம். எந்த சைஸ் ஷூவிலும் அடங்காது. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறவள் செருப்புதான் போடுவாள். அவள் நடந்து வந்தால் ஒரு கால் டக், ஒரு கால் சரக் என்று கேட்கும். தீபாவளி கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம். சர்ச்சில் வெள்ளை ஷூ போட்டு நடக்க வேண்டும், வரைந்து தருவீர்களா என்று கேட்டாள். இதென்ன பிரமாதம் என்று சொல்லிவிட்டேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் முறையில் வலது ஷூ என்பது இடது ஷூவின் கண்ணாடி பிம்பம். இடதைக் குறைத்தால் வலதும் குறைந்தது, இடதை அகலமாக்கினால் வலதும் பெருத்தது. வேறு பெயரில் நகல் எடுத்தேன், நகலும் இடதைக் கேட்டுத்தான் நடந்தது. அந்த இணைப்பை அறுக்கிற வழி எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று வாரம் போராடிவிட்டு, முடியவில்லை என்று சொல்லத் தயங்கித் தயங்கிப் போனேன். அவள் மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள்.

"பரவால்லக்கா, புடவைதானே கட்டப்போறேன், கால யார் பாக்கப்போறாங்க?"



சுத்தம் செய்த சார்

ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் சார் சும்மா இருப்பாரா? நான் லீவில் இருக்கிறேனே என்று என் கம்ப்யூட்டரைத் துடைத்தார். வெளியே துடைத்தது போதாதென்று உள்ளேயும் சுத்தம் செய்தார். ஏ முதல் எம் வரை ஒரு ஃபோல்டர், என் முதல் இஸட் வரை இன்னொன்று என்று அத்தனை கோப்புகளையும் பிரித்து அடுக்கிவிட்டார். திரும்பி வந்து திறந்தால், கோப்புகள் இடம் மாறியதில் இணைப்பெல்லாம் அறுந்து, எங்கே பார்த்தாலும் சிவப்புக் குறி. யாருக்கு யார் உறவு என்றே தெரியவில்லை.

அழுதுகொண்டே ஸ்டெல்லாவின் ஷூவைத் திறந்தேன். ஆங்கில எழுத்துப்படி லெஃப்டும் மாமியாரும் ஒரு பக்கம், ரைட் மட்டும் மறுபக்கம். சும்மா இடதைக் குறைத்துப் பார்த்தேன். குறைந்தது. வலது அசையவே இல்லை! இத்தனை நாள் என்னால் வைக்க முடியாத தனிக்குடித்தனத்தைச் சார் வைத்துவிட்டார். நான் துள்ளிய துள்ளலைக் கோபம் என்று நினைத்து அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"எல்லாத்தையும் அழகாத்தானேம்மா அடுக்கி வெச்சேன்?"

டக், டக்

மற்ற கோப்புகளை மறுபடி இணைக்க இரண்டு நாள் ஆனது. அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. சலீம் பாய் இடது காலுக்கென்று ஒரு சின்ன சைஸ் கால் அச்சை எடுத்து, அதன் மேல் தோல் துண்டுகளை ஒட்டி அகலப்படுத்தி, வெள்ளைத் தோலை வெட்டித் தந்தார். தன் கல்யாண ஷூவை ஸ்டெல்லாவே தைத்தாள். போட்டுக்கொண்டு தையல் செக்‌ஷனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தபோது ஒவ்வொரு மெஷினாக நின்றது. யாரும் காலைப் பார்க்கவில்லை. எல்லோரும் காது கொடுத்துக் கேட்டோம். கோடியில் போய்த் திரும்பி நின்று கத்தினாள்.

"அக்கா, ரெண்டு காலும் ஒரே சத்தம் போடுது!"

எதையும் எதோடும் இணைத்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதோ, மேனேஜர் தெரியாமல் பிரித்து வைத்த அந்த ஒரு ஜோடியை.