ஜெராக்ஸ் கடைக்குப் போன கேள்விகள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நான் வாயைத் திறந்தாலே வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்தால் விரல் ஏன் சுருங்குகிறது, நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் ஏன் சிரிப்பு வருவதில்லை, தூங்கும்போது ஏன் தும்முவதில்லை. இப்படி நாளுக்குப் பத்துக் கேள்விகள் கேட்பேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்து காலையில் படுத்திருந்தவரின் காதருகே போய், பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்கிறதே, எப்படி என்று ஒருநாள் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "சித்திகிட்ட கேளு" என்றார்.

சித்தி அம்மாவின் தங்கை. விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, வடலூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். என் கேள்விகளுக்கு எழுந்து போகாத ஒரே ஆள் அவள்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். "ஆனா கேள்வி நல்லா இருக்குடி" என்றும் சேர்த்துச் சொல்வாள். பூனையைப் பற்றிக் கேட்டதற்கு, "மார்க்கெட்ல ஜெராக்ஸ் கடை இருக்குல்ல, அந்த அண்ணன்கிட்ட கேட்டுப் பாரு. அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜெராக்ஸ் அண்ணன் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர்கள் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போகும் பட்டியலில் இருந்தது. அதற்குப் பதிலாக வேலை வரும் என்று காத்திருந்த காலத்தில் எங்கள் பிளாக்கில் இருந்த மார்க்கெட்டில் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டார். நகலெடுக்க வரும் தாள் எதுவானாலும் வாசித்துவிடுவார். கல்லூரிப் பிள்ளைகளின் விலங்கியல் நோட்டு, டாக்டர் எழுதிய ரிப்போர்ட், பட்டா, ஜாதகம் என்று பேதமே கிடையாது. பூனைக்கு முதுகெலும்பு வளைந்து கொடுப்பதைப் பற்றி அவர் சொன்ன பதிலில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"கையெல்லாம் மை பாப்பா. நான் சொல்லிகினே வரேன், நீ எழுதிக்கோ" என்பார். நான் என் நோட்டில் முத்து முத்தாக எழுதிக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் சித்தியும் கேள்வி கேட்கத் தொடங்கினாள். ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொடுப்பாள். நான் வழியிலேயே பிரித்துப் படித்துவிடுவேன். ஒளிக்கும்படி அதில் ஒன்றுமே இருக்காது. கொட்டாவி ஏன் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றுகிறது என்று முதல் தாளில் எழுதியிருந்தாள். அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"எல்லாருகிட்டருந்தும் தொத்தாது பாப்பா. யார் மேல அக்கற இருக்குதோ அவங்க விட்டாத்தான் தொத்தும். நேத்து ஆறு மணி வடலூர் பஸ்ல எனக்கு மூணு தடவ தொத்துச்சி. எழுதிக்கோ."

ஒரே பாட்டு மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, ஏன் என்று சித்தி கேட்டதற்கு, "பாதியில நிறுத்துனதாலதான். முழுசா பாடிட்டா போயிடும். பாடச் சொல்லு" என்றார். மழை வருமுன்பே மண்வாசம் எப்படி வருகிறது என்பதற்கு அவர் சொன்னதை நான் எழுதவே யோசித்தேன். வருகிறவர்களுக்கு முன்னால் அவர்களுடைய வாசனை வந்துவிடுமாம்.

அறிவியலில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள் நான். என் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற மனிதர், சித்தியின் கேள்விகளுக்கு மட்டும் ஏனோதானோவென்று சொல்வது எனக்கு வருத்தமாக இருந்தது. சித்திக்கு அப்படி ஒரு குறையும் தெரியவில்லை. என் நோட்டை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பலாமரத்தடிக்குப் போய்விடுவாள். நாலு வரியைப் படிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். அவளுக்கு அறிவியல் வராது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அந்த வருடம் பலாப்பழம் பழுக்கிற சமயத்தில் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திருச்சியில் ரயில்வேயில் இருந்தார், பர்மனென்ட் வேலை. "இதுக்கு மேல என்னடி வேணும்?" என்று அம்மா கேட்டாள். சித்தி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்தார்கள். சரி என்றால் சனிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துவிடுவது என்று பேச்சு. கம்ப்யூட்டர் வகுப்பு நின்றது. வீட்டுக்கு ஒரு செல்போன் வந்திருந்த காலம் அது. அதுவும் அப்பாவின் சட்டைப்பையில் சுரங்கத்துக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் சித்தி ஒரு தாளைக் கையில் திணித்தாள். "இன்னிக்கே பதில் வேணும்டி. கையோட வாங்கிகினு வந்துடு" என்றாள்.

வழியில் பிரித்தேன். பஸ்ஸில் போகும்போது நிலா கூடவே வருகிறது, எதுவரைக்கும் வரும் என்று எழுதியிருந்தது.

கடை மூடியிருந்தது. நிலத்தை அளக்க வந்திருக்கிறார்கள் என்று அண்ணன் ஊருக்குப் போயிருப்பதாகவும், திங்கட்கிழமைதான் வருவார் என்றும் பக்கத்துத் தையல்காரர் சொன்னார். வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அறிவியல் டீச்சரின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே போய் நின்றேன். டீச்சர் கேள்வியைப் பாராட்டிவிட்டு நிதானமாகச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"நிலா யார் கூடவும் வருவதில்லை. அது மிகத் தொலைவில் இருப்பதால், நாம் நகர்ந்தாலும் அது இருக்கும் திசை மாறுவதில்லை. அதனால் கூட வருவதுபோல நமக்குத் தோன்றுகிறது. அது வெறும் தோற்றம்."

எவ்வளவு தெளிவான பதில்! கடைசியில் சித்திக்கு உருப்படியாக ஒரு பதில் கிடைத்துவிட்டது என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். அங்கேயே படித்தாள். அரைமணி நேரமெல்லாம் ஆகவில்லை.

"அவரே சொன்னாரா?"

டீச்சர் வீட்டுக்குப் போனதைச் சொன்னால், கேள்வியைப் பிரித்துப் படித்ததும் தெரிந்துவிடும். "ஆமா சித்தி" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல சித்தி. அவ்ளோதான் பதில்."

நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் நின்ற அம்மாவிடம், "சரின்னு சொல்லிடுக்கா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டு வாயில் சர்க்கரை போட்டாள்.

சித்தி திருச்சியில் நன்றாகத்தான் இருக்கிறாள். சித்தப்பா நல்லவர். இரண்டு பிள்ளைகள். போன வருடம் அங்கே போயிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அப்போது பார்த்துச் சின்னவன் ஓடிவந்து, கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்று கேட்டான். கேள்வி நல்லா இருக்குடா என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். "போன்ல தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கத் தொடங்கினாள். நான் சொல்லாமலே திரும்பி வந்தேன். மார்க்கெட்டில் அந்தக் கடை இப்போது இல்லை. அண்ணனின் ஊர் இருந்த இடத்தில் சுரங்கம் இருக்கிறது. அவர் எங்கே போனார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை நானாகவே கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

"சித்தி ஒண்ணும் கேக்கலியா பாப்பா?"

"கேட்டாங்க. நீங்க இல்ல. அதான் எங்க டீச்சர்கிட்ட பதில் வாங்கிக் குடுத்துட்டேன்."

நோட்டை நீட்டினேன். கையில் மை இருந்ததால் அவர் தொடவில்லை. நான் பிடித்துக்கொண்டே நிற்க, குனிந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"சித்தி எங்க?"

"ஊர்ல. நேத்து பூ வச்சிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் மெஷினின் மூடியை இறக்கி வைத்தார். பிறகு, "நான் சொன்னதாவா சொன்ன?" என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டேன் என்று பயந்துபோனேன். சித்தி அடுத்த வாரம் வந்துவிடுவாள். இவர் சொல்லிவிட்டால் என் பொய் தெரிந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "டீச்சர் சொன்னதுன்னு சித்திகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. ப்ராமிஸ் பண்ணுங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையில் துடைத்துக்கொண்டு, என் உள்ளங்கையில் மெல்ல வைத்தார்.

"சொல்ல மாட்டேன் பாப்பா."

பெரிய ஆபத்திலிருந்து தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் நான் வீடுவரைக்கும் ஓடியே போனேன்.