சிவகாமி டீச்சருக்கு மறுக்கப்பட்ட பாடம்

ஆசிரியர் அறையில் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சிவகாமி டீச்சர் காலமாகிவிட்டார். பள்ளியின் வாட்சாப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அவற்றில் சில, அவர்மீது புகார் சொன்ன பெற்றோர் அனுப்பியவை.

மலேசியாவின் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. நான் கணிதம், அவர் அறிவியல். வினிகரில் சோடா மாவைக் கொட்டி, புட்டியின் வாயில் பலூனை மாட்டுவார். பலூன் உப்பியதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவர் விடமாட்டார். "பொங்குனதை எல்லாரும் பாத்துட்டீங்க. புதுசா என்ன உண்டாச்சு? அதைச் சொல்லிட்டுச் சாப்பிடப் போங்க."

இனப்பெருக்கப் பாடம் வந்தால் மற்ற ஆசிரியர்கள் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். இவர் கரும்பலகையில் கருப்பையை வரைந்து, ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி விளக்குவார். பையன்கள் சிரித்தால் காத்திருப்பார். "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப படிக்கலாம் லா."

ஒருமுறை சில பெற்றோர் திரண்டு வந்து முறையிட்டார்கள். பள்ளி நிர்வாகம் அந்தப் பாடத்தை வேறொருவரிடம் மாற்றியது. அந்த ஆசிரியர் அதை நடத்தவே இல்லை. "நான் சொல்லலேன்னா போன் சொல்லும் சார். தப்பாச் சொல்லும்," என்றார் சிவகாமி டீச்சர் என்னிடம்.

அந்த ஆண்டு முதல் படிவத்தில், பதின்மூன்று வயது வகுப்பில், இருந்தவள் மீனா. கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து பேருந்தில் வருவாள். மூன்றாம் படிவத்தில் வயிற்று வலி என்று டீச்சரிடம் வந்து நின்றாள். கிளினிக்கில் கர்ப்பம் என்றார்கள். திரும்பும் வழியில் காரில் அவள் சொன்னது ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாதுன்னு அந்த அங்கிள் சொன்னாரு, டீச்சர்."

டீச்சர் போலீசில் புகார் கொடுத்தார். அந்த ஆள் உறவுக்காரன் என்பதால் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை; புகார் அதற்குமேல் நகரவில்லை. மீனாவின் படிப்பு நின்றது. சனிக்கிழமைகளில் டீச்சர் அந்தத் தோட்ட வீட்டுக்குப் போய், அவளை மறுபடி பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் மீனாவின் தாய் கம்பிக் கதவைத் திறக்காமலே சொன்னார்: "போதும் டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்த பாடமெல்லாம் போதும்." சொல்லிக்கொடுக்கவே தன்னை விடவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றார் டீச்சர்.

பிறகு புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது, இந்த ஆண்டு அந்தப் பாடத்தை யாராவது நடத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சரின் தகனத்துக்காக மின்சுடலைக்கு மீனா குழந்தையோடு வந்திருந்தாள். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம். மறுபடி படிக்கலாமே என்றேன். குழந்தையின் சட்டையைச் சரிசெய்தபடி, "யாரு சார் இவளைப் பாத்துக்குவாங்க?" என்றாள்.

டீச்சரைத் தெரிந்தவர்கள் குழுவில் அவரது பொறுமையைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது அன்று சுவர்ப் பக்கம் திரும்பிய அவருடைய கோபம். அது யாரையும் காப்பாற்றவில்லை. என்னாலும் அதைக்கொண்டு யாரையும் காப்பாற்ற முடியும் என்று தோன்றவில்லை. இருந்தாலும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.